உறுப்பினர் அல்லாத நாடுகளை அழைக்கும்போது நேரும் தவறுகள்

ஏபெக் எனும் ஆசிய பசிபிக் பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பின் செயலகம் இருப்பது சிங்கப்பூரில், ஹெங் முய் கெங் டெரசில். தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் கூட்டங்களும் இங்கே அடிக்கடி நடக்கும். அந்தக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் வேலைக்குப் புதிதாகப் போகும் நம் இளையர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அழைத்துவிட்டு அனுமதி கேட்பது. ஒரு பயிலரங்கு நடத்துகிறோம். அந்தத் துறையில் நன்றாகப் பேசக்கூடிய பேராசிரியர் சென்னையில் இருக்கிறார். மின்னஞ்சல் அனுப்பியதும் அவரும் மகிழ்ச்சியாகச் சரி என்கிறார். அப்புறம்தான் உறைக்கிறது, இந்தியா ஏபெக்கில் உறுப்பினர் இல்லை. ஏபெக் கருத்திணக்கத்தில் இயங்கும் அமைப்பு. அதில் உள்ள 21 உறுப்பினர்களில் ஒருவர் தயங்கினாலும் வெளியாளை உள்ளே கொண்டுவருவது கடினம். ஒருமுறை இப்படி ஒரு அழைப்பைத் திரும்பப் பெற்றதைப் பார்த்திருக்கிறேன். வரவேண்டியவர் அதற்குள் விமான டிக்கெட் வாங்கிவிட்டார். அவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் வீட்டாரைக் கேட்காமல் யாரையும் விருந்துக்குக் கூப்பிட மாட்டோம் அல்லவா? இங்கேயும் அதே முறைதான். ஏன் இவர் வேண்டும், எந்த அமர்வில் பேசுவார், எந்தத் தாள்களைப் பார்ப்பார் என்பதை எழுதி, முதலில் உறுப்பினர்களிடம் சுற்றுக்கு விடுங்கள்.

சொல்லிலும் கவனம் வேண்டும். ஏபெக்கில் ஹாங்காங்கும் சீனத் தைப்பேயும் (தைவானுக்கு அங்கே உள்ள பெயர்) இடம்பெறுவதால், 'உறுப்பு நாடு' என்று எழுத மாட்டார்கள்; 'உறுப்புப் பொருளியல்' என்பதே வழக்கு. விருந்தினருக்குப் போகும் கடிதத்தில் இதைத் தவறாக எழுதினாலோ, மேசையில் தேசியக் கொடி வைத்தாலோ கூட்டம் தொடங்கும் முன்பே சிக்கல் தொடங்கிவிடும்.

வெளியார் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைப்பது இன்னொரு தவறு. யாழ்ப்பாணத்தில் பிறந்த அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூர் சார்பில் கையெழுத்திட, 1967ல் ஐந்து நாடுகளோடு தொடங்கியது ஆசியான். இன்று உறுப்பினர் அல்லாத நாடுகளோடு அது வைத்திருக்கும் உறவில் பல படிகள் இருக்கின்றன. இந்தியா 1992ல் சில துறைகளில் மட்டும் உறவுள்ள துறைசார் பங்காளி, 1995ல் முழுக் கலந்துரையாடல் பங்காளி, 2022ல் விரிவான உத்திபூர்வப் பங்காளி. பாகிஸ்தான் 1993 முதல் துறைசார் பங்காளியாகவே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அழைப்புக் கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் யாராவது ஒருவர் மனம் நோவார். அதேபோல, வந்து உட்கார்ந்தவர்கள் ஒருநாள் உறுப்பினர் ஆகிவிடுவார்கள் என்று வாக்குக் கொடுப்பதுபோலப் பேசவும் கூடாது. பாப்புவா நியூ கினி 1976 முதல் பார்வையாளராகவே இருக்கிறது. 2011ல் விண்ணப்பித்த திமோர் லெஸ்டே 2025 அக்டோபரில்தான் ஆசியானின் 11வது உறுப்பினரானது.

யாரிடம் பேசுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஆசியானில் ஒவ்வொரு கலந்துரையாடல் பங்காளிக்கும் அதனுடனான உறவைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பு நாடாக ஓர் உறுப்பு நாடு உண்டு, அது சுழற்சியில் மாறும். 2021 முதல் 2024 வரை இந்தியாவுக்குச் சிங்கப்பூர் அந்தப் பொறுப்பில் இருந்தது. பழைய பட்டியலை நம்பிக் கடிதம் அனுப்பினால் வாரங்கள் வீணாகும்.

அறிக்கை முழுவதும் எழுதி முடிந்தபிறகு விருந்தினரைக் கூப்பிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தைக் கொடுப்பதும் நடக்கிறது. தூரத்திலிருந்து வருகிறவருக்கு அது அவமதிப்பு. வரைவு நிலையிலேயே, அவருக்குத் தெரிந்த பகுதியை மட்டுமாவது காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

ஓர் உடன்பாட்டில் கையெழுத்திடாத நாடு ஒத்துழைக்காது என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும் தவறு. ஆசியக் கடற்கொள்ளைத் தடுப்புக்கான ரீகேப் உடன்பாட்டின் தகவல் பகிர்வு மையம் 2006 முதல் சிங்கப்பூரில் இயங்குகிறது. மலாக்கா நீரிணையின் இரு கரையிலும் உள்ள மலேசியாவும் இந்தோனேசியாவும் அதில் சேரவில்லை. ஆனாலும் செயல்பாட்டு அளவில் இரண்டும் அந்த மையத்தோடு ஒத்துழைக்கின்றன.