நெடுநாள் நின்ற அம்பாசடரைக் கிளப்பும் முறை

கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படும் காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் பெட்ரோல் அம்பாசடர்கள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. அப்படி நின்ற வண்டி கிளம்ப மறுத்தால், எதையும் கழற்றுமுன் கோளாறு பேட்டரியிலா, தீப்பொறியிலா, பெட்ரோலிலா என்று பிரித்தறிய வேண்டும்.

முழுச் சார்ஜுள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

அடுத்தது தீப்பொறி, பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். எஞ்சினில் பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்றைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினைத் தொடுமாறு பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இச்சோதனையைச் செய்யவே கூடாது. நீலப்பொறி சுள்ளென்று தெறித்தால் நல்லது. மங்கிய மஞ்சளாக வந்தாலோ வராவிட்டாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டைப் பாருங்கள். அதன் முகங்களில் சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தால், நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, முழுதும் விரிந்த நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்குமாறு ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அமையுங்கள்.

புளித்த வாடை வீசும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால், அதை மாற்றாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள், அது தீ விபத்துக்கே வழி.

சித்திரை வெயிலில் ஓடி நின்றபின் கிளம்பாவிட்டால், பம்பில் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். பம்பின் மீது ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்து மறுபடி முயலுங்கள்.