பெல்ட் காற்றாடியைக் கழற்றி வீசும் முன்

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கார்கள் செந்தூலில் உள்ள என் பட்டறைக்கு டோ லாரியில் வந்து இறங்கின. இரண்டுமே எஞ்சின் மாற்றிய பழைய கார்கள். ஒன்று டொயோட்டாவின் 2ஜேசட் எஞ்சின் ஏற்றிய மெர்சிடிஸ் டபிள்யூ124. இன்னொன்று ஆர்பி20 டர்போ எஞ்சின் ஏற்றிய நிசான் செஃபிரோ ஏ31. இரண்டிலும் மவுண்டிங், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் பொறுமையாகச் செய்திருந்தார்கள். பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 2001இல் நான் செய்த அதே வேலை.

கூலண்டுக்குப் பதில் பைப்புத் தண்ணீர் ஊற்றுவது, வெடித்த ஹோஸை மாற்றாமல் விடுவது, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றாமல் ஓட்டுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன். ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்கும் காற்றாடியைப் பற்றி மட்டும் பேசுவோம்: எஞ்சினே பெல்ட்டால் சுற்றும் பெல்ட் காற்றாடி, மோட்டாரில் ஓடும் கரண்ட் காற்றாடி.

"பவர் சாப்பிடுது" என்று பெல்ட் காற்றாடியைக் கழற்றுவது

"அண்ணே, பெல்ட் காத்தாடி பவர் சாப்பிடுது. அஞ்சு குதிரை சும்மா போவுது. அதான் கழட்டிட்டு ரெண்டு கரண்ட் காத்தாடி போட்டேன்." மெர்சிடிஸ்காரத் தம்பி சொன்னது இது. ஹாஃப்கட் கடையில், அதாவது வெட்டிய பழைய கார்களின் எஞ்சின், பாகங்களை விற்கும் கடையில், அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஒரே வசனம் கடைக்குக் கடை கைமாறி வருகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அவர் வாங்கிய மெல்லிய காற்றாடி ஒன்றுக்கு 80 வாட், இரண்டுக்கும் சேர்த்து 160 வாட். கால் குதிரைகூடத் தேறவில்லை. ஐந்து குதிரை வாங்கிக்கொண்டு ஒரு பொருள் காற்றை இழுத்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வேலையைக் கால் குதிரை எப்படிச் செய்யும்?

அந்த ஐந்து குதிரையும் எப்போதும் போவதில்லை. காற்றாடியின் வேகம் இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். சிவப்பு விளக்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கும்போது பெல்ட் காற்றாடி எடுப்பது மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் புகுந்துவிடும். அப்போது காற்றாடியின் நடுவில் உள்ள கிளட்ச் நழுவிக்கொண்டு சும்மா சுற்றும். அந்தக் கிளட்சின் முகத்தில் சுருள் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் திரும்பி உள்ளே வால்வைத் திறக்கும், சிலிக்கோன் எண்ணெய் பாயும், காற்றாடி இறுகும். சூடு குறைந்தால் மறுபடி நழுவும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் சக்தி எடுக்கும் பொருளை, வீணாகச் சக்தி தின்கிறது என்று சொல்லித் தூக்கி எறிகிறோம்.

தேவைப்படும் நேரம் எது என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஜாம்தான் பெரிய சோதனை என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் செஃபிரோவில் ஆர்பி20 ஏற்றியதும் நல்ல நிலையில் இருந்த கிளட்ச் காற்றாடியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். இரண்டு கரண்ட் காற்றாடி மாட்டி, இரண்டு வாரம் ஜாலான் ஈப்போ ஜாமில் ஓட்டினேன். சூட்டு மீட்டரின் முள் அசையவே இல்லை. சரியாகச் செய்துவிட்டோம் என்று நம்பினேன். ஜாமில் எஞ்சின் சும்மா நிற்கிறது, அது தரும் சூடும் குறைவு. சின்னக் காற்றாடியே சமாளித்துவிடும்.

மூன்றாவது வாரம் நான்கு பேரோடு, ஏர்கானைப் போட்டுக்கொண்டு, கெந்திங் மலை ஏறினேன். கெந்திங் செம்பாவில் கிளம்பி கோத்தோங் ஜெயா வரையில் இரண்டாவது கியர், 3,500 சுற்று, வேகமோ குறைவு. எஞ்சின் முழு உழைப்பில் இருக்கிறது, ஆனால் முன்னாலிருந்து வரும் காற்று ஒன்றுமில்லை. அந்த இடத்தில்தான் பெல்ட் காற்றாடி எஞ்சினோடு சேர்ந்து வேகமெடுத்து ரேடியேட்டரை உறிஞ்சித் தள்ளியிருக்கும். 160 வாட் காற்றாடிகளுக்கு ஜாமில் இருந்த வேகம்தான் மலையிலும்.

முதலில் ஏர்கான் காற்று வெதுவெதுப்பானது. கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் மிதித்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏர்கானின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி என்று அன்றைக்குத் தெரியாது. அடுத்த சில நிமிடத்தில் முள் மேலே போனது, ஒதுக்கி நிறுத்தும்போது ஆவி. இரும்பு பிளாக், அதன் மேல் ஆறு சிலிண்டர் நீளத்துக்கு அலுமினிய ஹெட். அது வளைந்துவிட்டது. ஹெட்டைச் சீவி, கேஸ்கெட் மாற்றி, கார் வெளியே வர மூன்று வாரம், 2,300 வெள்ளி. அப்போது என் சம்பளம் 900 வெள்ளி. எறிந்த காற்றாடிக்குப் பதில் இன்னொன்று தேடி வாங்கினேன்.

போன மாதம் வந்த இரண்டு கார்களும் மலையில்தான் விழுந்தன. ஜாமில் இரண்டும் நன்றாக ஓடின என்று இருவருமே சத்தியம் செய்தார்கள். நான் நம்புகிறேன்.

ஷ்ரவுடையும் சேர்த்துக் கழற்றுவது

மேலே சொன்ன தவறின் மறுபாதி இது. ஷ்ரவுட் என்பது காற்றாடியைச் சுற்றி ரேடியேட்டரோடு மூடி நிற்கும் கூண்டு. அந்த மெர்சிடிஸின் ரேடியேட்டரை அளந்தேன்: 65க்கு 40 சென்டிமீட்டர், அதாவது 2,600 சதுர சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் காற்றாடி இரண்டின் வட்டங்கள் சேர்ந்து 1,414. ஷ்ரவுட் இல்லாததால் மீதிப் பரப்பில் காற்று இழுக்கப்படவே இல்லை. பெரிய ரேடியேட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்.

பெல்ட் காற்றாடிக்கு இறக்கையின் அகலத்தில் ஏறக்குறைய பாதி ஷ்ரவுடுக்குள் இருக்க வேண்டும், நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் போல விட வேண்டும். மிக ஒட்டி வைத்தால், எஞ்சின் மவுண்டிங்கில் ஆடும்போது இறக்கை ஷ்ரவுடைத் தின்றுவிடும். அந்தத் தம்பியின் காரில் எஞ்சின் ரேடியேட்டரின் நடுவுக்கு நேராக இல்லை. அலுமினியத் தகட்டில் புது ஷ்ரவுட் அடித்தோம். ஒன்றரை நாள் வேலை. எஞ்சின் மாற்றுபவர்கள் எல்லாரும் தவிர்க்கும் ஒன்றரை நாள் அதுதான்.

அப்படியானால் கரண்ட் காற்றாடி வேண்டவே வேண்டாமா

வேண்டிய இடம் இருக்கிறது. ஏஇ101 கரோலாவின் 20 வால்வு 4ஏஜி எஞ்சினைப் பழைய கேஇ70 கரோலாவில் நீளவாக்கில் திருப்பி வைத்தால், அந்த எஞ்சினில் காற்றாடி மாட்ட இடமே கிடையாது. எஞ்சின் முன்னால் வந்து ரேடியேட்டரை முட்டினாலும் வேறு வழியில்லை. அங்கே கரண்ட் காற்றாடிதான், சரியாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும்.

சரியாகப் போடுவது என்றால், அட்டைப்பெட்டியில் எழுதிய காற்றளவைப் பார்த்து வாங்காமல் இருப்பது. அந்த எண் எதிரில் ரேடியேட்டர், கண்டென்சர் எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் அளந்தது. நான் ஆம்பியரைத்தான் பார்ப்பேன். உங்கள் எஞ்சின் அளவோ அதைவிடப் பெரிதோ உள்ள காரிலிருந்து மோட்டார், இறக்கை, ஷ்ரவுட் மூன்றும் சேர்ந்த கம்பெனிக் காற்றாடியை முழுதாக வாங்கி, ஓடவிட்டு, வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். 20 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அது வேலை செய்கிற காற்றாடி. ஏழு ஆம்பியர் இழுப்பதை வைத்து மலை ஏற முடியாது.

கரண்ட் எங்கிருந்து வரும் என்று யோசிக்காதது

பழைய காரில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 55 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், ஐடிலில், அதாவது கார் நின்று எஞ்சின் சும்மா ஓடும்போது, அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். சாயங்கால மழையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள்: ஹெட்லைட் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர், வைப்பர், ஏர்கான் ப்ளோயர், பெட்ரோல் பம்ப், அதோடு 25 ஆம்பியர் காற்றாடி. பேட்டரி இறங்கும், வோல்டேஜ் குறையும், காற்றாடியும் மெதுவாகும். ஆல்டர்னேட்டரையும் புது எஞ்சினோடு வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காற்றாடிக்கும் தனி ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), பேட்டரிக்குப் பக்கத்தில் தனி ஃபியூஸ், குறைந்தது நான்கு சதுர மில்லிமீட்டர் வயர். எல்லாம் மாட்டிய பின், ஓடும்போது காற்றாடியின் பிளக்கிலேயே வோல்டேஜை அளங்கள். பேட்டரியில் 13.8 இருந்து அங்கே 11.5 வந்தால், வயரோ எர்த்தோ தின்றுகொண்டிருக்கிறது.

ஏர்கான் கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் காற்றாடி ஓட வேண்டும், கூலண்ட் சூடாகும் வரை காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் ஏர்கானை யாரும் அணைப்பதில்லை.

சாவிக்குப் பின்னால் நேரடி வயர்

காற்றாடியின் கரண்ட் முழுதும் அதன் வழியே போய்ச் சாவி ஸ்விட்ச் கருகும். ரிலே போடுங்கள்.

ஹாஃப்கட் கடையில் கிளட்சைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்குவது

கிளட்ச் முகத்தில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் சிலிக்கோன் ஒழுகிவிட்டது, வாங்காதீர்கள். கையால் சுழற்றினால் பிசுபிசுவென்று எதிர்க்க வேண்டும். விட்ட பிறகும் பம்பரம்போல் சுற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. தரையில் மல்லாக்கப் போட்டு மாதக்கணக்கில் வைத்தாலும் எண்ணெய் கசியும். காரில் இருப்பதுபோல நிமிர்த்தி வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.

பழைய காரின் மீட்டரை நம்புவது

புது எஞ்சினின் சென்சரைப் பழைய டாஷ்போர்டு மீட்டரோடு இணைத்தால் ரெசிஸ்டன்ஸ் ஒத்துப்போகாது. முள் நடுவில் நிற்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். மெர்சிடிஸ் தம்பிக்கு அதுதான் நடந்தது. கடைசி வரை முள் பாதியைத் தாண்டவில்லை என்றார். பழைய காரின் சென்சரையே பொருத்துங்கள், அல்லது எண் காட்டும் தனி மீட்டர் வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது

எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு அது, கழற்றாதீர்கள். இன்லெட் பக்கம் தெர்மோஸ்டாட் உள்ள டொயோட்டா எஞ்சின்களில் ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும், கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது.

காற்றாடி ஸ்விட்சை 80 டிகிரியில் வைப்பது

82இல் திறக்கும் தெர்மோஸ்டாட் என்றால் காற்றாடி நிற்கவே நிற்காது. 92இல் ஓடி 87இல் நிற்கட்டும்.

ரேடியேட்டர் துளையில் பிளாஸ்டிக் டை

காற்றாடியை இப்படிக் கட்டினால் டை ஆடி ஆடி ரேடியேட்டர் குழாயை அறுக்கும். பிராக்கெட் அடியுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காதது

முன்னால் தள்ளும் காற்றாடியை வயரை மாற்றிப் பின்னால் இழுக்க வைத்தால் சுற்றும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால் காற்று பாதிகூட வராது. இறக்கையையும் திருப்பிப் போட வேண்டும். பெல்ட் காற்றாடியிலும் வாட்டர் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும் எஞ்சின்கள் உண்டு. வேறு எஞ்சினின் இறக்கையை மாட்டினால் ரேடியேட்டரை நோக்கி ஊதும். முன் கிரில் பக்கம் நின்று ஒரு செய்தித்தாளை நீட்டுங்கள். தாள் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.