தாராவும் கோழியும் ஒரே கூட்டில்

ஆறு கோழியோடு மூன்று தாராவையும் (வாத்து) ஒரே கூட்டில் அடைத்தது நான் செய்த பிழை. தாரா தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்காது, அலகை முக்கி உதறி உதறி, விடியும்போது கீழே போட்ட உமியெல்லாம் சேறாகிக் கிடக்கும். அந்த ஈரத்தில்தான் இரண்டு கோழிக்குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் வந்தது. உமியை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டு, தண்ணீர்ப் பேசினைக் கிணற்றடி வாழைக்குக் கொண்டுபோனேன். தாராவின் மூக்கு முங்கும் ஆழம் வேண்டும், குஞ்சு விழுந்தால் ஏறிவர உள்ளே இரண்டு கல். வாழைக்கு நல்ல கொண்டாட்டம்! இரவில் தண்ணீரும் இல்லை, தீனும் இல்லை. ஆண் தாரா இணைசேரப் பெட்டைக் கோழியை மிதித்தால் உள்ளே காயப்படும், அதனால் அவர் இப்போது வலைக்கு அந்தப் பக்கம். தாராக் குஞ்சுக்குக் கோழித்தீனில் நியாசின் என்ற விற்றமின் போதாது, கால் வளையும். கொஞ்சம் ஈஸ்ட் கலக்கிறேன்.