படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வாட்டர் பெட்: வாங்குவது, நிரப்புவது, பராமரிப்பது

ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னட் 1832-இல் உருவாக்கிய தண்ணீர்ப் படுக்கையின் நோக்கமே படுக்கைப்புண்ணைத் தடுப்பதுதான். தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணி, அவ்வளவுதான் அமைப்பு. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாணவராக இருந்த சார்லஸ் ஹால் செய்த வினைல் படுக்கை வேறு ரகம். பிறகு ஹீட்டரோடு அமெரிக்கப் படுக்கையறைகளில் 1980-கள் வரை அது நன்றாக விற்றது. நம் ஊர் சர்ஜிக்கல் கடைகளில் கிடைப்பது ஆர்னட் வழி வந்த ரப்பர் பெட். ஹீட்டர் கிடையாது, மின்சாரமும் தேவையில்லை.

வாங்கும்போது

கடையிலேயே விரித்துக் கொஞ்சம் காற்று ஊதச் சொல்லுங்கள். ஒட்டுகளை அழுத்திப் பாருங்கள். ரப்பரை இழுத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அது பழைய சரக்கு, வேண்டாம். மூடிக்குள் வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சில மாதத் தேவைதான் என்றால் வாடகைக்கும் கிடைக்கும்.

முதலில் கட்டில்

6 அடி நீளம், 3 அடி அகலப் பெட்டில் 4 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 170 லிட்டர், அதாவது 170 கிலோ. அதன் மேல் 60 கிலோ நோயாளி. நாடாக் கட்டிலும் மடக்குக் கட்டிலும் இதைத் தாங்காது. கெட்டியான பலகைக் கட்டில் வேண்டும். ஆணி முனை, சிலாம்பு எதுவும் இல்லையென்று கையால் தடவிப் பார்த்துவிட்டு ஜமுக்காளமோ போர்வையோ விரியுங்கள்.

நிரப்புவது

1. காலி பெட்டைக் கட்டிலில் விரித்து, மூடி கால்மாட்டில் வரும்படி வையுங்கள். நிரப்பிய பிறகு இழுத்தால் ஒட்டு பிரிந்துவிடும்.

2. ஹோஸ் வழியாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மழை, பனிக் காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த நீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், வயதானவர்களுக்கு நடுக்கமே வந்துவிடும். கொதிநீர் கூடவே கூடாது.

3. காற்றை மூடிப் பக்கமாகத் தள்ளி முழுவதும் வெளியேற்றிய பிறகே மூடியை இறுக்குங்கள். காற்று தங்கினால் பெட் தளும்பும், நோயாளி ஒரு பக்கம் சரிவார்.

4. அவரைப் படுக்கவைத்து, பெட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி, பிட்டத்துக்கு நேர் கீழே கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் தண்ணீர் போதாது; நடுவில் குறைந்தது ஒரு அங்குலத் தண்ணீராவது இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் தவறுவது இந்த நான்காவது படியில்தான். நிறைய நிரப்பினால் நல்லது என்று பெட் முரசு போல விறைக்கும்வரை விடுகிறார்கள். உடல் சற்று அமிழ்ந்தால்தான் எடை பரவும். விறைத்த பெட்டில் வால் எலும்பும் தோளும்தான் மொத்தப் பாரத்தையும் சுமக்கும். பலகையில் படுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பைத் தளர்வாகப் போடுங்கள். இழுத்துச் செருகினாலும் அதே கெடுதல்தான்.

வாட்டர் பெட் இருக்கிறதே என்று புரட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். தோல் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். இன்னொன்று: திடீரென மூச்சும் நாடியும் நின்றால் நெஞ்சை அழுத்த இந்த மெத்தை உதவாது, உடனே தரைக்கு இறக்க வேண்டும்.

பராமரிப்பு

எண்ணெயும் வாசலினும் ரப்பரை உப்பவைத்து இளக்கிவிடும். சிந்தினால் சோப்பு நீரால் துடையுங்கள். ஊக்கு, ஊசி, வளையல் கவனம். மாதம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்ல பழக்கம். கட்டிலுக்குக் கீழே பக்கெட் வைத்து ஹோஸ் மூலம் இறக்கினால் தானாக வடியும். சிறு ஓட்டையென்றால் தண்ணீரை வடித்து, இடத்தை நன்றாகக் காயவைத்து, சொரசொரப்பாகத் தேய்த்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் ரப்பர் சொல்யூஷனாலேயே ஒட்டலாம். ஒட்டு ஓரமே பிரிந்தால் வேறு பெட்தான்.

எடுத்து வைக்கும்போது நிழலில் தொங்கவிட்டு உள்ளும் புறமும் காயவிடுங்கள். வெயிலில் ரப்பர் வெடிக்கும். மூடி வழியாக டால்கம் பவுடர் தூவினால் உள்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. மடித்தால் மடிப்பில் விரிசல் விழும் என்பதால் சுருட்டி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள்.