ஒரு இஞ்ச் பைப் என்றால் எந்த ஒரு இஞ்ச்? பிளாஸ்டிக் பைப் அளவு பார்ப்பது எப்படி

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பைப்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். பத்து வருஷம் வெயிலில் கிடந்த பைப், அதைக் குறை சொல்ல முடியாது. விரிசல் விட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து ஒட்ட வேண்டும், ரெண்டு கப்ளர் (ரெண்டு பைப் முனையைச் சேர்க்கும் குட்டிக் குழாய்), ஒரு டப்பா சொல்யூஷன் (பைப் ஒட்டும் திரவம்), அரை மணி நேர வேலை என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆக்ஸா பிளேடைக் கையில் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. வெட்டுவதையும் ஒட்டுவதையும் யூடியூபில் நூறு பேர் காட்டுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. என்னைக் கவிழ்த்தது அளவுதான், அதை மட்டும் எழுதுகிறேன்.

வெட்டிய பைப்பின் வாயில் ஸ்கேலை வைத்தேன். வெளிப்பக்கம் 32 மி.மீ. ஒரு இஞ்ச் 25.4, அப்படியானால் ஒன்றேகால் இஞ்ச் 31.75, கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்ற தெம்பில் கடைக்குப் போய் ஒன்றேகால் இஞ்ச் கப்ளர் ரெண்டு வாங்கிவந்தேன். மாட்டினால், பாட்டி வளையலைப் பேத்தி கையில் போட்ட மாதிரி தொளதொளவென்று ஆடுகிறது. மறுபடி போய் "32 எம்.எம். பைப்புக்கு வேணும்" என்றேன். "அது ஒரு இஞ்ச்தான் சார்" என்று வெள்ளை கப்ளர் ஒன்றை எடுத்துப் போட்டார்கள். இது கிட்டத்தட்டப் பொருந்தியது, லேசான ஆட்டம் மட்டும். சொல்யூஷனை ரெண்டு கோட் அப்பினால் அடைத்துக்கொள்ளும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். திங்கட்கிழமை காலை மோட்டாரைப் போட்டதும் ஜாயின்ட்டில் இருந்து பன்னீர் தெளித்த மாதிரி முகத்தில் அடித்தது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த 32 மி.மீ. பைப்புக்கும் ஒரு இஞ்ச் என்றுதான் பெயர், அவர் கொடுத்த வெள்ளை கப்ளருக்கும் அதே பெயர். சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. பைப்பில் மூன்றாவதாக இன்னொரு ஒரு இஞ்ச்சும் இருக்கிறது. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று சேராது, மூன்றில் எதிலும் 25.4 மி.மீ. வெளிவிட்டம் கிடையாது.

முதல் வேலை: பைப்பின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அழுக்கை ஈரத்துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் பாதி அழிந்த எழுத்துகூடத் தெரியும். ஐ.எஸ். 4985 (இந்தியத் தர எண்) என்று இருந்தால் அது மி.மீ. குடும்பம். மோட்டார் லைனுக்கும் தோட்டத்துக்கும் போடும் சாம்பல் நிறப் பைப் பெரும்பாலும் இதுதான். இதில் 20, 25, 32, 40, 50, 63 என்று அச்சிட்டிருப்பது நிஜமான வெளிவிட்டம். 6 கிலோ, 10 கிலோ என்பது தாங்கும் அழுத்தம், கிலோ கூடினால் சுவர் தடிக்கும், ஓட்டை சின்னதாகும், வெளிவிட்டம் மாறாது.

ஏ.எஸ்.டி.எம். டி 1785 (அமெரிக்கத் தர எண்) என்றோ, எஸ்.சி.எச். 40, எஸ்.சி.எச். 80 (சுவர்த் தடிமன் வகை) என்றோ இருந்தால் வெள்ளை யு.பி.வி.சி. இது பழைய இரும்புக் குழாயின் அளவைப் பிடித்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் இஞ்ச் என்று சொன்னது ஏறக்குறைய உள் ஓட்டையை. பிறகு இரும்பின் சுவர் மெலிந்தது, ஆனால் மரை பொருந்த வேண்டுமே என்று வெளிவிட்டத்தில் கைவைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு ஒரு இஞ்ச் யு.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. 40க்கும் 80க்கும் வெளிவிட்டம் ஒன்றே, கப்ளரை மாற்ற வேண்டியதில்லை.

சந்தன நிறத்தில் ஐ.எஸ். 15778, எஸ்.டி.ஆர். 11 என்று இருந்தால் சி.பி.வி.சி., கீசர் லைனில் பார்க்கலாம். இது செம்புக் குழாயின் வம்சம். சொல்லும் இஞ்ச்சோடு அரைக்கால் இஞ்ச் கூட்டினால் வெளிவிட்டம் வந்துவிடும்: ஒரு இஞ்ச் என்றால் 28.6 மி.மீ., முக்கால் என்றால் 22.2, அரை என்றால் 15.9.

எழுத்து சுத்தமாக அழிந்துபோயிருந்தால் (எனக்கு அப்படித்தான்) அளந்துதான் ஆக வேண்டும். ஸ்கேலை வாயில் வைத்து அளக்காதீர்கள். 32க்கும் 33.4க்கும் ஒன்றரை மி.மீ.கூட வித்தியாசம் இல்லை, கண்ணைக் கொஞ்சம் சாய்த்தாலே அது காணாமல் போய்விடும். சுற்றளவை அளந்தால் அதே வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். நோட்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நீளமான காகிதத் துண்டு கிழித்து, பைப்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று, கோணலாகப் போகாமல் ஓரத்தோடு ஓரம் ஒட்டும்படி சுற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் குண்டூசியால் ரெண்டு அடுக்கையும் சேர்த்து ஒரு குத்து. பிரித்து மேஜையில் வைத்து ரெண்டு ஓட்டைக்கும் நடுவே ஸ்கேல் வையுங்கள். வருவது சுற்றளவு, அதை இந்த மி.மீ. கணக்கோடு ஒப்பிடுங்கள்:

மி.மீ. குடும்பம்: 20க்கு 62.8, 25க்கு 78.5, 32க்கு 100.5, 40க்கு 125.7
யு.பி.வி.சி.: அரை இஞ்ச் 67, முக்கால் 83.8, ஒரு இஞ்ச் 104.9, ஒன்றேகால் 132.5
சி.பி.வி.சி.: அரை இஞ்ச் 50, முக்கால் 69.7, ஒரு இஞ்ச் 89.8

எனக்கு வந்தது நூறரை. எல்லாம் விளங்கிவிட்டது, வளையல் கப்ளர் உட்பட.

வெர்னியர் இருந்தால் எடுங்கள், தப்பில்லை. ஆனால் வெயிலில் கிடந்த பைப் லேசாக முட்டை வடிவத்துக்கு நசுங்கியிருக்கும், வெர்னியரை ஒரு பக்கம் வைத்தால் ஒரு அளவு, திருப்பி வைத்தால் வேறு அளவு. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. (டிஜிட்டல் வெர்னியரில் வேண்டிய நேரத்தில் பேட்டரி இருந்து நான் பார்த்ததும் இல்லை.) தையல் டேப் வேண்டாம், அதன் தடிமனே ஒன்றிரண்டு மி.மீ. கூட்டிக் காட்டும்.

அடுத்தது, சொல்யூஷன் டப்பாவைத் திறக்கும் முன் வெறுமனே மாட்டிப் பாருங்கள். பைப் சாக்கெட்டுக்குள் (கப்ளரின் வாய்க்குள்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ரெண்டு பங்குக்குள் போய் இறுகி நிற்க வேண்டும். அடிவரை சொளக்கென்று போய் ஆடினால் அது உங்கள் குடும்பம் இல்லை. சொல்யூஷன் என்பது இடைவெளியை அடைக்கும் மாவு இல்லை, ரெண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும் சமாச்சாரம். பரப்புகள் தொட்டால்தான் வேலை நடக்கும்.

பழைய 32ஐ வைத்துக்கொண்டே புது வெள்ளைப் பைப்பைச் சேர்க்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது, மரை. ஒரு இஞ்ச் மரை என்றால் எந்தக் குடும்பத்து ஃபிட்டிங்கிலும் இங்கே ஒரே மரைதான். பழைய பைப்பில் 32க்கான எம்.டி.ஏ. (வெளிப்பக்கம் மரை உள்ள ஃபிட்டிங்) ஒட்டுங்கள், புதுப் பைப்பில் ஒரு இஞ்ச் எஃப்.டி.ஏ. (உள்பக்கம் மரை உள்ளது) ஒட்டுங்கள், காய்ந்த பிறகு டெஃப்லான் டேப் சுற்றி முறுக்குங்கள். எஃப்.டி.ஏ.யை உள்ளே பித்தளை மரை வைத்ததாக வாங்குங்கள், காசு கூடத்தான். வெறும் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.யைக் கொஞ்சம் வேகமாக முறுக்கினால் பக்கவாட்டில் பிளந்துகொள்ளும். கையால் இறுக்கிவிட்டு, ரெஞ்சால் ஒரு சுற்றுக்கு மேல் போக வேண்டாம்.

பின்சேர்க்கை: டாய்லெட் லைனுக்கு "மூணு இஞ்ச்" என்று கேட்டு வாங்கியது சேரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். 75 மி.மீ. பைப்பைச் சில கடையில் ரெண்டரை என்பார்கள், சில கடையில் மூன்று என்பார்கள், 90ஐயும் மூன்று என்பார்கள். அங்கே இஞ்ச்சே பேசாதீர்கள், 75, 90, 110 என்று கேளுங்கள். நாலு இஞ்ச் என்று நாம் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர்ப் பைப்) 110தான், நாலு இஞ்ச் எஸ்.சி.எச். 40 பைப் 114.3.

இன்னொன்று: அரை இஞ்ச் யு.பி.வி.சி. முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. எல்போவுக்குள் போய்விடுகிறது, ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். 21.3ம் 22.2ம் பக்கத்தில் இருப்பதால் வரும் மயக்கம் அது. கூடாது. யு.பி.வி.சி. சுடுதண்ணீர் தாங்காது என்பது ஒரு பக்கம், ரெண்டுக்கும் சொல்யூஷனே வேறு.

போர்வெல்லில் இருந்து வரும் கறுப்பு ஹோஸையும் 32 என்பார்கள், வெளிவிட்டமும் 32தான், என் காகிதமும் நூறரை என்றே காட்டும். ஆனால் அது எச்.டி.பி.இ. என்ற பாலித்தீன் வகை, எந்தச் சொல்யூஷனும் அதில் பிடிக்காது. நட்டு வைத்து இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் கேட்டு வாங்குங்கள், போகும்போது வெட்டிய துண்டு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.