சேடில் வேட்டை: கயிற்றைத் தொய்ய விடாதீர்கள்

மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 அன்று வில் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் புதியவர்கள் சேடில் கட்டி மரமேறிப் பழகுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இடுப்பையும் தொடையையும் ஏந்தும் பட்டையில் அமர்ந்து, மரத்தைச் சுற்றிய டெதர் கயிற்றில் சாய்ந்தபடி மானுக்காகக் காத்திருக்கும் இந்த முறையில், நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். கொக்கியைப் பூட்ட மறப்பது போன்றவற்றை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

டெதர் தொய்வாக இருக்கையில் நிற்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் ஏறும்போது டெதரை மார்பு உயரத்தில் கட்டினார். பிறகு கடைசி ஏணிப்படியிலிருந்து, மரத்தில் பொருத்திய சிறு நிற்கும் பலகையான பிளாட்பாரத்துக்கு ஏறி நின்றபோது அந்தக் கட்டு அவருடைய இடுப்புக்கு வந்துவிட்டது. கயிறு முழங்காலுக்கு முன்னால் வளைந்து தொங்க, அவர் ஏறும்போது மரத்தைச் சுற்றி இடுப்பைப் பிடித்திருக்கும் லைன்மேன் கயிற்றையும் கழற்றிவிட்டு, வில்லை மேலே இழுக்கக் குனிந்தார். கீழிருந்து சத்தம் போட்டதற்கு, "கயிறுதான் மாட்டியிருக்கிறதே" என்றார்.

மாட்டியிருப்பது போதாது. டெதருக்குப் பயன்படுவது அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிறு. பாறையேறுவோரின் கயிற்றைப் போல அது இழுபட்டு அதிர்வை விழுங்காது. விழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவதுதான் விழுகை விகிதம். இவ்வகைக் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம், 100 கிலோ எடை 0.3 விகிதத்தில் விழும்போது அதிர்வு 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமமான இழுப்புக்குள், அடங்க வேண்டும் என்கிறது. கட்டு இடுப்பு உயரத்தில் இருக்க, 60 சென்டிமீட்டர் கயிற்றில் 60 சென்டிமீட்டர் விழுந்தால் விகிதம் 1. கயிறு தாங்கிவிடலாம், தோள்பட்டை வார் இல்லாத சேடிலில் விழுபவரின் இடுப்பெலும்பும் முதுகும் தாங்குமா என்பதே கேள்வி, அவர் தலைகீழாகப் புரளவும் கூடும். சேடிலை டெதரோடு இணைத்து, எடை இறங்கியதும் கயிற்றை இறுகப் பிடிக்கும் புரூசிக் முடிச்சுக்குப் பதிலாகப் பல் வைத்த கயிற்றுப் பிடிப்பான் இருந்தால், அது கயிற்றின் மேலுறையையே கிழித்துவிடலாம்; அத்தகைய பிடிப்பான்களுக்கு ஐரோப்பியத் தரம் கேட்கும் வலிமை 4 கிலோநியூட்டன் மட்டுமே.

ஆகவே பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் லைன்மேன் கயிற்றில் சாய்ந்து நின்றுகொண்டு, டெதரை நெற்றி உயரத்துக்கு ஏற்றி, புரூசிக்கைத் தள்ளித் தொய்வை எடுத்து, முழு எடையையும் அதில் இறக்கிப் பார்த்த பின்னரே லைன்மேனைக் கழற்ற வேண்டும். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக வரும்: முதலில் லைன்மேன் மாட்டப்படும், பிறகுதான் டெதர் கழலும்.

இடுப்பு வலித்ததும் புதுச் சேடில் வாங்குவது

பெரும்பாலும் குற்றம் சேடிலுடையது அன்று. சாய்ந்து நிற்பவருக்குக் கட்டு கண்ணுக்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பது பொருந்தும். முழங்காலை மரத்தில் ஊன்றி அமர்பவருக்கு இன்னும் சற்று மேலே வேண்டும். இரண்டு விரற்கடை ஏற்றியோ இறக்கியோ பார்த்து, அதன் பிறகும் இடுப்பின் இருபுறமும் நெரித்தால் சேடிலின் இரு பக்கங்களையும் முன்புறத்தில் இணைக்கும் பிரிட்ஜ் கயிற்றை நீட்டிப் பாருங்கள். ஒரே நிலையில் நான்கு மணி நேரம் இருக்க எந்தச் சேடிலும் செய்யப்படவில்லை; சாய்வதும் அமர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும்.

முழங்கால் பட்டை இல்லாமல் ஏறுவது

வாங்கிவிடுங்கள்.

டெதரின் நுனியில் முடிச்சு போடாதது

புரூசிக் நுனியைத் தாண்டி நழுவினால் பிடிக்க வேறொன்றும் இல்லை.

மரத்தின் தவறான பக்கத்தில் தொங்குவது

மரத்தைப் பார்த்தபடி தொங்கும் வலக்கை வில்லாளிக்கு இடப்பக்கம் அம்பு எய்வது எளிது, வலப்பக்கம் அரும்பாடு. மான் தடம் இடப்பக்கம் விழும்படி மரத்தைச் சுற்றி இடம் தேடுங்கள்.

இலையுதிர்ந்த பிறகு மரம் தேர்ந்தெடுப்பது

ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அதன் பிறகு மிச்சிகன் காடுகளில் செத்து நிற்கும் ஆஷ் மரங்களுக்குக் குறைவில்லை. நேராக, சேடிலுக்கு ஏற்ற பருமனில் நிற்பதால் புதியவர்களின் கண் அவற்றின் மேல்தான் விழுகிறது. நவம்பரில் உயிருள்ள மரமும் மொட்டையாகத்தான் நிற்கும். பட்டையில் 3 மில்லிமீட்டர் அளவிலான அரைவட்டத் துளைகள் இருந்தாலோ, மரங்கொத்தி உரித்த வெளிறிய திட்டுகள் தெரிந்தாலோ அந்த மரத்தை விட்டு நகருங்கள். ஆகஸ்டிலேயே இலையோடு பார்த்து, வேண்டிய மரத்தை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.