டோ ஹுக்: வளையத்தைப் பார்த்து வாங்குவதால் வரும் தவறுகள்

மதுரையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு டிராக் டே (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) என்றால் இரண்டு இடங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒன்று, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. மற்றொன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. முதலாவதுக்கு ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டாவது அதைப்போல் இரண்டு மடங்கு. அவ்வளவு தூரம் போகிறவர்கள் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்கள். நின்றுபோன காரை இழுக்க உதவும் கொக்கியான டோ ஹுக் மட்டும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், காரின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து ஆன்லைனில் வாங்கப்படுகிறது.

அந்தக் கொக்கிக்கு எவ்வளவு வேலை என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நியூட்ரலில் நிற்கும் 1,400 கிலோ காரைச் சமதளத் தார்ச்சாலையில் உருட்ட ஏறக்குறைய 20 கிலோ விசை போதும்; ஓர் ஆள் தள்ளினாலே நகரும். அதே கார் வளைவில் பிடிப்பு இழந்து தடத்தின் ஓரத்துச் சரளைக் கல் குழிக்குள் போய் வயிறு தட்ட உட்கார்ந்துவிட்டால், எடையில் பாதிக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கலாம். அதாவது 700 கிலோ. இழுக்கும் வண்டி வெடுக்கென்று கிளம்பினால் அந்த நொடியில் பாரம் இன்னும் பல மடங்கு ஏறும். கார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பாதுகாப்பு விதிகள் முன்னும் பின்னும் கொக்கி வேண்டும் என்று சொல்வதோடு நிற்பதில்லை; கார் தடையின்றி உருளும் நிலையில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. புதைந்த காரை முதலில் தூக்கவேண்டும், பிறகுதான் இழுக்கவேண்டும்.

ஒட்டு வளையங்கள்

சில நூறு ரூபாய்க்கு வரும் சிவப்பு, நீல அலுமினிய முக்கோணங்களைப் பார்த்திருப்பீர்கள். இரட்டைப் பக்க டேப்பில் பம்பரின் பிளாஸ்டிக்கோடு ஒட்டுகிறார்கள், அல்லது நம்பர் பிளேட் திருகாணியில் மாட்டுகிறார்கள். இவை அலங்காரப் பொருள்கள். கார் கடை வாசலில் நிற்கும்போது அதில் தவறு ஒன்றுமில்லை. டிராக்கில் அது பொய் சொல்கிறது. உதவிக்கு ஓடிவரும் மார்ஷல் (தடப் பாதுகாப்புப் பணியாளர்) அதைக் கொக்கி என்று நம்பித்தான் பெல்ட்டை மாட்டுவார். பம்பர் கையோடு வந்துவிடும், கார் அங்கேயே நிற்கும், மற்ற எல்லாருடைய நேரமும் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியில் கரையும். இதை மாட்டிக்கொண்டு வருவதற்குக் கொக்கியே இல்லாமல் வருவது மேல்.

மரை

பெரும்பாலான கார்களில் டிக்கியில் ஜாக்கியோடு ஓர் இழுவை வளையம் வைத்தே கொடுக்கிறார்கள். பம்பரில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றினால் பின்னால் மரை (திருகுப் புரி) போட்ட துளை தெரியும். வளையம் அங்கே ஏறவேண்டும். மரையின் விட்டமும் இடைவெளியும் காருக்குக் கார் மாறும். திசையும் மாறும்: போக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்கள் பலவற்றில் இடது மரை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் ஏறும். இது தெரியாமல் வலது மரைக் கொக்கியை வாங்கி, ஏறவில்லையே என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால் துளையின் மரை நசுங்கிவிடும். பிறகு ஒரிஜினல் வளையமும் ஏறாது.

பழைய கார் வாங்கியவர்களிடம் பல நேரம் அந்த வளையம் இருப்பதில்லை. முதல் உரிமையாளரோடு போயிருக்கும். உடனே கே.புதூர் தொழிற்பேட்டைக்கோ கப்பலூருக்கோ போய் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்று தோன்றும். மதுரை லேத்காரர்களின் கைத்திறன்மேல் எனக்கு மரியாதை உண்டு. "தம்பி, இதில் லாரியையே இழுக்கலாம்" என்று அவர் நம்பிக்கையோடுதான் சொல்வார். ஆனால் கம்பெனி வளையம் பெரும்பாலும் உலையில் காய்ச்சி அடித்து ஒரே துண்டாகச் செய்தது. பட்டறையில் கிடைப்பதோ இரும்புக் கம்பியில் மரை வெட்டி, தலையில் வளையம் வைத்துப் பற்றவைத்தது. வெல்டிங்கின் விளிம்பில் இரும்பு விறைத்துப்போயிருக்கும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. திடீர் இழுப்பில் முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஷோரூம் பாகங்கள் பிரிவில் கேட்டால், காரின் சேசிஸ் எண்ணை வைத்துச் சரியான வளையத்தை வரவழைத்துத் தருவார்கள். என்னைக் கேட்டால் முதல் தேர்வும் கடைசித் தேர்வும் அதுதான். மடங்கும் வகை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தண்டு எஃகா என்று பார்க்கட்டும், மடங்கும் இடத்தில் இருக்கும் ஊசியின் தடிமனையும் பார்க்கட்டும். எவ்வளவு பெரிய வளையமானாலும் அந்த ஊசியின் பலம்தான் அதன் பலம்.

பம்பருக்குப் பின்னால்

ஆனாலும் அதிகம் கவனிக்கப்படாதது கொக்கி ஏறும் இடம். மரைத்துளை இருப்பது பம்பரில் இல்லை, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் உலோகக் குறுக்குச் சட்டத்தில். முன்பு மோதிச் சரிசெய்யப்பட்ட காரில் அந்தச் சட்டம் நிமிர்த்தி வைத்ததாக இருக்கலாம், டூப்ளிகேட் பாகமாகவும் இருக்கலாம். சென்னை வெள்ளத்தில் நின்று கைமாறி வந்த காராக இருந்தால் துளைக்குள் துரு குடியிருக்கும். பம்பரைக் கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். மடிப்பு விழுந்திருக்கிறதா, பற்றவைத்த தழும்பு இருக்கிறதா, மரைக்குழல் ஆடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் சட்டத்தை மாற்றாமல் டிராக்குக்குப் போவது வீண் வேலை.

பாதி ஏறிய திருகு

துளையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, வளையத்தை விரலால் மட்டும் திருகுங்கள். நல்ல மரை வெண்ணெய்போல் ஏறும். முதல் இரண்டு சுற்றிலேயே பிடித்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடவேண்டும். கடைசிவரை ஏறிய பிறகு வீல் ஸ்பேனரை வளையத்துக்குள் விட்டு இறுக்கவேண்டும். இங்கேதான் ஒரு சின்ன ஆசை பெரிய தவறாகிறது. இறுகி நிற்கும்போது வளையம் கோணலாக நிற்கும். படத்தில் அழகாக வராதே என்று அரைச் சுற்று பின்னால் திருப்பி நேராக்குகிறார்கள். இறுக்கம் அப்போதே போய்விட்டது. டிராக்கின் அதிர்வில் அது தானாகக் கழலத் தொடங்கும். தளர்ந்த தண்டு இழுக்கும்போது நேராக இழுபடாமல் வளையும். கோணலாகவே இருக்கட்டும். நேராகத்தான் வேண்டும் என்றால் பூட்டு நட்டு உள்ள வகையை வாங்கி, தண்டை முழு ஆழத்துக்கு ஏற்றிவிட்டு, வளையத்தை அந்த நட்டால் பூட்டுங்கள். நட்டிலும் தண்டிலும் சேர்த்து பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், ஒவ்வொரு சுற்று முடிந்து வரும்போதும் கோடு விலகியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பெல்ட் வகைக் கொக்கி எடை குறைவு, யார் காலையும் கிழிக்காது. ஆனால் நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் நைலான் நாடா வெளுத்து மொரமொரப்பாகிவிடும். அதன்பின் பலத்தை நம்ப முடியாது. பின்பக்கம் சைலன்சர் குழாயை ஒட்டித் தொங்கவிடுவது அதைவிட மோசம். நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். டிராக்கில் ஓடி வந்த காரின் சைலன்சர் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும்.

நிறம் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று. போதும்.

இழுக்கும்போது

திருகு வளையம் நேர் இழுப்புக்காகச் செய்தது. பக்கவாட்டில் இழுத்தால், வெளியே நீண்டிருக்கும் தண்டு நெம்புகோலாகி மரையை உடைக்கும். மீள்தன்மையுள்ள ரெக்கவரி கயிற்றை ஒருபோதும் இதில் மாட்டக்கூடாது; ஜீப் ஓட்டும் நண்பர்கள் நல்ல மனதோடு எடுத்து நீட்டுவார்கள். கொக்கி முறிந்தால் அந்தக் கயிறு அதைக் கவண் கல்லாகத் திருப்பி அனுப்பும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கார்களை இழுக்க வேக வரம்பும் தூர வரம்பும் உண்டு. இன்ஜின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் கார்களில் பலவற்றைத் தரையில் வைத்து இழுக்கவே கூடாது. கையேட்டில் அந்தப் பக்கத்தைக் கிளம்பும் முன் படித்துவிட்டு, காரை எடுக்கும் மார்ஷலிடம் நீங்களே சொல்லுங்கள். பிளாட்பெட் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரும்போது கொக்கி காரை மேலே இழுப்பதோடு சரி. தாராபுரம் ரோட்டின் குலுக்கலில் காரைக் கட்டிப் பிடித்திருக்கவேண்டியது சக்கரங்களைச் சுற்றிய பெல்ட்.

இன்னொன்று அடிக்கடி நடக்கிறது. எடை குறைக்கிறேன் என்று பிட்டில் (தடத்தை ஒட்டி கார்கள் தயாராகும் இடம்) டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓட்டப் போகிறார்கள். கார் சரளையில், வளையமோ பிட்டில் கிடக்கும் ஜாக்கிப் பையில். முன்பம்பர் உடைந்துவிட்டால் அப்புறம் கொண்டுவந்தாலும் துளை கிடைக்காது. முதல் சுற்றுக்கு முன்பே மாட்டிவிட வேண்டும்.

முடிந்ததும் கழற்றிவிடவும் வேண்டும். பார்க்கிங் சென்சாருக்கோ ரேடாருக்கோ முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் வீணான எச்சரிக்கைகள் வரும். வழியில் கிராமத்து வேகத்தடையில் முதலில் தட்டுவதும் தாழ்வான அந்தக் கொக்கிதான். பாதசாரிக்கு ஆபத்து என்பதால் முன்பம்பர் கம்பித் தடுப்புகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கொக்கி கம்பித் தடுப்பு இல்லைதான். ஆனால் மாசி வீதி நெரிசலில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு வளையத்துக்கும் அதே காரணம் பொருந்தும். பம்பர் மூடியை மாட்டும் முன் துளையில் கொஞ்சம் கிரீஸ் வைத்துவிடுங்கள். அடுத்த முறை விரலாலேயே திருகலாம்.